கம்பளிக்குள் ஒரு கணிதம்

இரண்டாமாண்டு இளமறிவியல் (கணிதம்) மாணவி

குளிரை வெல்ல மனிதனுக்குக் கிடைத்த துணைகள் இரண்டு. ஒன்று நெருப்பு, மற்றொன்று ஆட்டு உரோமம். நெருப்பைக் கையில் ஏந்திக்கொண்டு ஊர் சுற்ற இயலாது. உரோமத்தையோ உடுத்திக்கொண்டு எங்கும் செல்லலாம். அதனால்தான் குளிர் நாடுகளில் எல்லாம் கம்பளி ஆடை உணவுக்கு அடுத்த இடத்தைப் பெற்றது.

நாம் மலையூரில் படிப்பவர்கள். மார்கழி மாதக் காலை வகுப்பில் ஸ்வெட்டர் இல்லாத முதுகைக் காண்பது அரிது. ஆயினும் நம் உடலோடு ஒட்டியிருக்கும் அந்த ஆடை எப்படி உருவாயிற்று என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உலகப் புகழ் பெற்ற ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றையும், அதற்குள் இருக்கும் கணக்கையும் எளிய முறையில் விளக்க இக்கட்டுரையில் முயல்கிறேன். கணிதம் என்றதும் கலைப்பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஐஸ்லாந்தின் சட்டை

வட அட்லாண்டிக் கடலில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டித் தனித்துக் கிடக்கும் தீவு ஐஸ்லாந்து. ஒன்பதாம் நூற்றாண்டில் அங்குக் குடியேறத் தொடங்கிய நார்வே நாட்டவர் தம்முடன் ஆடுகளையும் கொண்டு சென்றனர். அந்த ஆட்டின் உடலில் இருவகை உரோமம் உண்டு. வெளியே நீண்டு முரடாக இருப்பது 'டோக்'. மழைநீர் இதன்மேல் வழிந்து ஓடிவிடும். உள்ளே குட்டையாக, மென்மையாக இருப்பது 'தெல்'. இது காற்றைத் தன்னுள் பிடித்து வைத்து உடற்சூட்டைக் காக்கும். இரண்டையும் சேர்த்து, முறுக்கே இல்லாமலோ சிறிதளவே முறுக்கியோ எடுக்கும் நூலுக்கு 'லோப்பி' என்று பெயர். அதனால் பின்னிய சட்டைக்குப் பெயர் 'லோப்பாபெய்சா'.

இச்சட்டையின் அழகு அதன் யோக்கில் இருக்கிறது. கழுத்திலிருந்து தோளைச் சுற்றி இறங்கும் வட்டப் பகுதியைத்தான் யோக் என்கிறோம். வெள்ளை, சாம்பல், பழுப்பு, கறுப்பு என ஆட்டின் இயற்கை நிறங்களிலேயே பூவிதழ் போன்ற வேலைப்பாடு கழுத்தைச் சுற்றி விரிந்து நிற்கும்.

காண்போர் இதை ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்றே எண்ணுவர். ஆனால் பின்னற்கலை ஐஸ்லாந்தை அடைந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான். வட்ட யோக் வைத்த இந்தச் சட்டை பிறந்ததோ 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். கிரீன்லாந்துப் பெண்கள் விழாக்களில் அணியும் மணி கோத்த அகன்ற கழுத்தணியின் சாயலும், ஸ்வீடன் நாட்டுப் போஹுஸ் பின்னலின் சாயலும் இதில் உண்டு என்பர். 1944-இல் குடியரசான ஐஸ்லாந்து, இளமையான இச்சட்டையைத் தன் நாட்டின் அடையாளமாகவே ஏற்றுக்கொண்டது.

போஹுஸ் பின்னலின் கதையும் அறியத்தக்கது. ஸ்வீடனின் மேற்குக் கரையில் கருங்கல் உடைக்கும் தொழில் 1930-களில் நலிந்து, ஆண்கள் வேலை இழந்தனர். அவர்களுடைய மனைவியர் மாநில ஆளுநரின் துணைவியாரான எம்மா யாக்கப்சனை நாடி வேலை கேட்டனர். அவரது முயற்சியால் 1939-இல் தோன்றிய 'போஹுஸ் ஸ்டிக்னிங்' என்னும் அமைப்பு, 1969 வரை அப்பெண்களுக்குப் பின்னல் வேலை தந்தது. அடுப்பு அணையாதிருக்கப் பின்னியதே பின்னர் அழகுக்குப் பெயர் பெற்றது.

மேலிருந்து கீழே

நம் பக்கத்தில் பலரும் பின்னும் முறை வேறு. முன்பக்கம், முதுகுப்பக்கம், இரு கைகள் என நான்கு துண்டுகளாகப் பின்னி, இறுதியில் ஊசிநூலால் இணைப்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான் பின்னுவார். ஐஸ்லாந்துச் சட்டையில் தையலே கிடையாது. இரு முனைகளை ஒரு நெகிழும் கம்பி இணைக்கும் வட்ட ஊசியில், குழாய் போலச் சுற்றிச் சுற்றிப் பின்னுவர். அங்குப் பெரும்பாலும் கீழ்விளிம்பில் தொடங்கி, அக்குளில் கைகளை உடலோடு சேர்த்து, கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே கழுத்தில் முடிப்பர்.

இதையே தலைகீழாக்கிக் கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கலாம். அமெரிக்கரான பார்பரா வாக்கர் 1972-இல் இம்முறைக்கென்றே ஒரு நூல் எழுதினார். இதில் நன்மைகள் பல. பின்னும்போதே போட்டுப் பார்க்கலாம். நூல் குறைந்தால் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வளரும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு விளிம்பைப் பிரித்து மேலும் நாலு விரற்கடை நீட்டலாம். படத்தைக் காட்டி இதை நான் விளக்கியபோது அம்மா சொன்னது, "இது நல்லாருக்கே கண்ணு! ஒரு சட்டை ரெண்டு வருசத்துக்கு ஓடுமே."

ஏற்ற வேண்டிய கண்ணி எத்தனை?

முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்க்க வேண்டும். நடுத்தரக் கனமுள்ள லோப்பி நூலில் 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 24 வரிசை வருகின்றன என்று கொள்வோம். மார்புச் சுற்றளவு 100 செ.மீ. வேண்டுமானால் 180 கண்ணி தேவை.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் என்னும் அம்மையார், இந்த உடற்கண்ணியை நூறு விழுக்காடாக வைத்துக்கொண்டு மற்ற அளவுகளை அதன் விழுக்காடுகளாகக் கூறும் முறையைப் பரப்பினார். கழுத்துக்கு 40 விழுக்காடு, அதாவது 72 கண்ணி. யோக்கின் ஆழம் மார்புச் சுற்றளவில் கால்பங்கு, அதாவது 25 செ.மீ.; வரிசைக் கணக்கில் 60 சுற்று.

யோக்கின் முடிவில் எத்தனை கண்ணி இருக்க வேண்டும்? முன்னுக்கு 82, முதுகுக்கு 82, கைக்கு ஐம்பதாக இரு கைக்கு 100, ஆக 264. எனவே 72 கண்ணி 60 சுற்றுக்குள் 264 ஆக வளர வேண்டும். கூட வேண்டியது 192. சுற்றுக்கு 3.2 கண்ணி. கண்ணியைப் பின்னமாகப் போட முடியுமா? முடியாது. ஆகவே சில சுற்றுகளில் மட்டும் மொத்தமாகக் கூட்டிவிட்டு, இடைப்பட்ட சுற்றுகளில் கூட்டாமல் பின்ன வேண்டும்.

இந்த இடத்தில் அம்மா ஒரு வழி சொன்னார். "எழுபத்திரண்டை இருபத்தினாலு கூறு போடு. ஒவ்வொரு கூறும் ஒண்ணுபோல வளரணும். அப்பத்தான் பூ கோணாது." சந்தையில் தக்காளியைக் கூறு கட்டுவது போலத்தான்! கூறுக்கு 3 கண்ணியில் தொடங்குகிறோம். 4-ஆம் சுற்றில் கூறுக்கு 4 ஆக்கினால் மொத்தம் 96. 15-ஆம் சுற்றில் 6 ஆக்கினால் 144. 30-ஆம் சுற்றில் 8 ஆக்கினால் 192. 49-ஆம் சுற்றில் 11 ஆக்கினால் 264. கணக்கு முடிந்தது.

72, 96, 144, 192, 264 ஆகிய ஐந்து எண்களின் மீப்பெரு பொதுக் காரணி 24 என்று நான் தாளில் போட்டுக் கண்டேன். அம்மா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மீப்பெரு பொதுக் காரணி என்ற பெயரை அவர் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பொருள் அவர் விரல்களில் இருக்கிறது.

கூம்பும் தட்டும்

ஏன் 192 கூட்ட வேண்டும்? இன்னும் கூட்டினால் என்ன? வட்டத்தின் ஆரம் 25 செ.மீ. கூடினால் சுற்றளவு 2π மடங்கு, அதாவது ஏறத்தாழ 157 செ.மீ. கூடும். அந்த அளவுக்குக் கண்ணி கூட்டியிருந்தால் யோக் சாப்பாட்டுத் தட்டு போலத் தட்டையாக விரிந்திருக்கும். நம் கணக்கில் சுற்றளவு 40 செ.மீ.யிலிருந்து ஏறத்தாழ 147 செ.மீ. ஆகிறது. கூடியது 107 செ.மீ.; தட்டுக்குத் தேவையானதில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியது. எனவே துணி தட்டையாகாமல், நுனி வெட்டிய கூம்பாகத் தோள்மீது சரிந்து இறங்குகிறது. மனிதத் தோளும் ஏறத்தாழ ஒரு கூம்புதானே!

157 செ.மீ.க்கும் மேலாகக் கூட்டினால் விளிம்பு கோழிக்கொண்டைப் பூப்போலச் சுருங்கி நெளியும். 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியையான டைனா டைமினா, அப்படி நெளியும் பரப்பைக் குரோஷா ஊசியால் பின்னி, அதிபரவளைய வடிவியலை மாணவர் கையிலேயே கொடுத்து விளக்கினார். பின்னல் ஊசி கரும்பலகைக்குச் சளைத்ததன்று என்பதற்கு இது சான்று.

இரண்டு நிறங்கள், ஒரு சுற்று

ஒரு சுற்றில் இரண்டு நிற நூல்களுக்கு மேல் எடுப்பதில்லை. ஒரு நிறம் வெளியே கண்ணியாகும்போது மற்றொன்று உட்புறம் ஓடிக்கொண்டிருக்கும். இதனால் யோக் இரட்டை அடுக்காகி, தோளுக்கும் மார்புக்கும் கூடுதல் கதகதப்புக் கிடைக்கிறது. ஆனால் உள்ளே ஓடும் நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கித் தலை நுழையாது. ஐந்து கண்ணிக்கு மேல் தொடர்ந்து ஓடவிட்டால் போடும்போது விரல் மாட்டும். ஆகையால் இடையில் ஒருமுறை மற்ற நூலோடு பிணைத்துக்கொள்ள வேண்டும்.

வேலைப்பாட்டை வரைபடத்தாளில் கட்டம் கட்டமாக வரைந்துகொள்வது நலம். ஒரு கட்டம் ஒரு கண்ணி. பூவின் அகலம் மொத்தக் கண்ணியை மீதியின்றி வகுக்க வேண்டும். 264-ஐ 6 வகுத்தால் 44 பூ. 8 வகுத்தால் 33 பூ. 12 வகுத்தால் 22 பூ. பத்துக் கண்ணிப் பூவை வைத்தால் 26 பூ முடிந்து 4 கண்ணி மீதி நிற்கும். அந்த அரைகுறைப் பூ முதுகில் இருந்தாலும் பின்னால் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாமல் போகாது. மேலிருந்து பின்னும்போது கண்ணியின் வடிவமும் தலைகீழாக அமையும். எனவே மரம், இதழ் போன்ற உருவங்களின் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பின்ன வேண்டும்.

யோக் முடிந்ததும் இரு கைகளுக்குமான 100 கண்ணிகளை வேறொரு நூலில் கோத்துத் தள்ளிவைப்பர். முன்னும் பின்னுமான 164 கண்ணியோடு, இரு அக்குளிலும் எட்டு எட்டாகப் புதிதாக ஏற்றினால் 180. இது நாம் முதலில் வேண்டிய மார்பளவு அன்றோ! பிறகு உடலை நேராகப் பின்னி இறக்கிவிட்டு, தள்ளிவைத்த கண்ணிகளை எடுத்துக் கைகளை மணிக்கட்டு வரை குறைத்துக்கொண்டே செல்ல வேண்டியதுதான்.

38,000 கண்ணிகள்

ஒரு சட்டையில் மொத்தம் எத்தனை கண்ணி? யோக்கில் 10,248. அக்குளுக்குக் கீழே 40 செ.மீ. உடலுக்கு 96 சுற்று, அதில் 17,280. ஒரு கைக்கு 45 செ.மீ., 108 சுற்று. 58-இல் தொடங்கி 40-இல் முடிந்தால் இரு கைக்கும் ஏறத்தாழ 10,600. ஆக மொத்தம் சுமார் 38,000. ஒவ்வொன்றும் விரலின் ஓர் அசைவு. நிமிடத்துக்கு 20 கண்ணி என்று வைத்தாலும் ஏறக்குறைய 32 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி வீதம் முழுதாக நான்கு நாள் வேலை.

எங்கள் தெருவில் கைப்பின்னல் ஸ்வெட்டருக்கு விலை பேசுகிறவர்கள் முதலில் நூலின் விலையைத்தான் கேட்கிறார்கள். அதற்குமேல் சிறிது கொடுத்துவிட்டு, "வீட்ல சும்மா உக்காந்து பின்றதுதானே" என்கிறார்கள். பகலெல்லாம் தேயிலை பறித்துவிட்டு வந்து, இரவு விளக்கடியில் அம்மா உட்காருவது சும்மா உட்காருவதா? நான்கு நாள் கூலி அந்தச் சொல்லில் காணாமல் போகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் கட்டிய தேர்வுக் கட்டணத்திலும் அந்தக் கண்ணிகள் உண்டு. ஆகவே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் கடமை எனக்கு இருக்கிறது.

ஐஸ்லாந்துப் பெண்களும் இதே கேள்வியை எதிர்கொண்டனர். அவர்கள் தனித்தனியே விலை பேசாமல் 1977-இல் கைப்பின்னலாளர் சங்கம் அமைத்து, தாம் பின்னியதைத் தாமே விற்கக் கடை திறந்தனர். பின்னாளில் வெளிநாட்டில் பின்னிய சட்டைகளும் ஐஸ்லாந்துச் சட்டை என்ற பெயரில் விலைபோயின. 2020-இல் அப்பெயருக்கு அந்நாட்டில் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. ஐஸ்லாந்து ஆட்டின் புதுக் கம்பளியால், ஐஸ்லாந்திலேயே, கையால், வட்ட யோக் வைத்துத் தையலின்றிப் பின்னியதற்கே இனி அப்பெயர் உரியது.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். கறிக்கு உதவும் சுரைக்காயை ஏட்டில் எழுதி வைப்பதும் படித்தவர்களின் வேலைதான். நம்மில் பலருடைய வீட்டில் கூடை முடைபவர் இருப்பார், பாய் நெய்பவர் இருப்பார், பூத்தொடுப்பவர் இருப்பார். அவர்கள் அருகில் ஒரு மாலைப்பொழுது தாளும் எழுதுகோலுமாக உட்காருங்கள். எத்தனை இழை, எத்தனை முடிச்சு, எத்தனை மணி நேரம் என்று எண்ணி எழுதுங்கள். அடுத்தமுறை யாரேனும் விலை பேச வரும்போது, அந்தத் தாளை எடுத்து முன்னே வையுங்கள்.