பூட்டிய கோப்பும் வீட்டு நெட்வொர்க்கும்

2004-ல் ட்ரூகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருள் வந்தபோது காசில்லாமல் கிடைத்த நல்ல பூட்டு அது. 20 ஜிபிக்கு ஒரே ஒரு கோப்பை உருவாக்கி, கடவுச்சொல்லைக் கொடுத்தால் புது டிரைவாகத் திறந்துகொள்ளும். வரிக் கணக்கு, பத்திர ஸ்கேன் எல்லாம் அதற்குள் அடக்கம்.

அடுத்த அறைக் கணினிக்கும் அது வேண்டும் என்றபோதுதான் வம்பு. பொது ஃபோல்டரில் இருக்கும் அந்தக் கோப்பை ஹாலில் ஒருவர் திறந்து எழுதிக்கொண்டிருந்தால், மாடியில் இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். இருவரும் ஒரே நேரத்தில் திறப்பதானால் படிக்க மட்டுமே முடியும். திறந்த டிரைவையே நெட்வொர்க்கில் பகிரலாம். ஆனால் வட்டில் பூட்டியிருந்த தகவல் கேபிளில் பூட்டில்லாமல் ஓடும்.

இன்னொரு வில்லங்கம், உள்ளே எதை மாற்றினாலும் அந்தப் பெரிய கோப்பின் தேதி மாறாது. ரகசியம் கருதி வைத்த ஏற்பாடு அது. தேதியைப் பார்த்து நகலெடுக்கும் பேக்கப் மென்பொருளோ ‘ஒன்றும் மாறவில்லை’ என்று தாண்டிப் போய்விடும்.

2014 மே மாதம் ட்ரூகிரிப்ட் நின்றுபோனது. வாரிசாக வந்த வெராகிரிப்டிலும் அதே ஒற்றைக் கோப்புதான். வீட்டு நெட்வொர்க்குக்குப் பொருந்தியது வேறு வழி: ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே பூட்டுவது. லினக்ஸ்காரர்கள் என்க்எஃப்எஸ்ஸில் முன்பே கண்டதை, 2016-ல் கிரிப்டோமேட்டர் எல்லோருக்கும் எளிதாக்கியது. இப்போது ஹாலும் மாடியும் வெவ்வேறு கோப்புகளில் வேலை பார்க்கலாம். பேக்கப்பும் மாறியதை மட்டும் எடுக்கும். கோப்பின் பெயர் மறைந்துவிடும், அளவும் தேதியும் மறையாது. வீட்டுக்கு அது போதும் என்பேன். திறந்த டிரைவைப் பகிர்ந்தாலும், வழியில் ஓடும் தகவலைப் பூட்ட 2012-ல் வந்த எஸ்எம்பி 3.0 என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை உதவும், அதன் மறையாக்கத்தை நாம் இயக்கிவிட்டால்.

நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டியான நாஸ் வாங்கியவர்களுக்கு இன்னும் சொகுசு. ஃபோல்டரைப் பெட்டியே பூட்டித் திறக்கும். ஆனால் கரண்ட் போய் வந்தால் ஃபோல்டர் பூட்டியே கிடக்கும். வீட்டில் எல்லோரும் கடவுச்சொல் தெரிந்தவரின் ஆபீஸுக்குப் போன் போடுவார்கள். அந்தத் தொல்லைக்காகவே பலர் ‘தானாகத் திற’ என்று வைத்து, சாவியையும் பெட்டிக்குள்ளேயே சேமித்துவிடுகிறார்கள். பெட்டியையே தூக்கிப் போகிற திருடனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பத்திரமும் வரிக் கணக்கும் அவரவர் கணினியிலேயே பூட்டப்பட்டு நாஸுக்குப் போகட்டும். சினிமாவுக்கும் பாட்டுக்கும் பூட்டு எதற்கு?