காதுக்கு ஏற்ற ஒலிபெருக்கி: வீட்டுக் கணினிக்கு எதை வாங்கலாம்?

வீட்டுக்குக் கணினி வாங்கும்போது நாம் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், எத்தனை வருட உத்தரவாதம் என்று கடைக்காரரைக் கேள்விமேல் கேள்வி கேட்கிறோம். ஒலிபெருக்கியைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. கணினியோடு வந்தது போதும் என்று விடுகிறோம், அல்லது மலிவு விற்பனையில் கண்ணில் பட்ட பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

சுகாதாரப் பக்கத்தில் ஸ்பீக்கருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். புலம்பெயர்ந்த எமது வீடுகளில் கணினி இன்று வெறும் வேலைக் கருவி அல்ல. ஊரில் இருக்கும் சகோதரங்களோடு கதைப்பது அதில்தான். பிள்ளைகளின் தமிழ் வகுப்பும் வயலின் வகுப்பும் அதில்தான். 2020இல் கொரோனா வந்த பிறகு, ஊரில் நடக்கும் கலியாணத்தையும் செத்தவீட்டையும்கூட நாம் அதில்தான் பார்த்தோம். ஸ்கைப் சேவை 2025 மே மாதத்துடன் நின்றுபோனது. ஆனாலும் வட்ஸ்அப், சூம் என்று கதை தொடர்கிறது. இத்தனையும் எமது காதுக்கு வந்து சேரும் வாசல் அந்தச் சிறிய ஸ்பீக்கர்தான். அது சரியில்லாவிட்டால் வீட்டில் முதலில் ஒதுங்கிப் போகிறவர்கள் முதியவர்கள். முதலில் காதைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இளையவர்கள்.

சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை

"எனக்குக் காது கேட்குது டொக்டர், ஆனா இவை கதைக்கிறதுதான் விளங்கேல்லை." எமது மருத்துவ நிலையத்தில் முதியவர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. இதில் முரண் எதுவும் இல்லை.

பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. பேச்சுக்குப் பலத்தைக் கொடுப்பது அதுவே. க, ச, ட, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் நுட்பமான பகுதி, ஏறத்தாழ 2000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. வயது போகும்போது உட்காதில் முதலில் பழுதாவது இந்த உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் நுண்மயிர்க் கலங்கள்தான். அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே "ஆல்" என்ற பகுதி தெளிவாகக் கேட்கும். அது பாலா, காலா, வாலா என்பது தெரியாது.

பேரப்பிள்ளை லண்டனில் இருந்து "அம்மம்மா, கால் எப்பிடி இருக்கு?" என்று கேட்கிறது. "பால் கிடக்கு பிள்ளை, பிரிட்ஜில இருக்கு" என்று யாழ்ப்பாணத்தில் இருந்து பதில் வருகிறது. இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தால் அந்த அம்மம்மா கதைப்பதைக் குறைத்துக்கொள்வார். பின்னர் வெறுமனே தலையாட்டுவார். "அம்மாவுக்கு மறதி தொடங்கிவிட்டது" என்று நாம் முடிவு கட்டிவிடுவோம்.

எமது தலைமுறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஷெல்லும் குண்டும் பக்கத்தில் விழுந்து வெடித்த நாட்களைக் கடந்து வந்தவர்கள் நாம். வெடிப்பின் அமுக்கம் செவிப்பறையைக் கிழிக்கும். கிழிசல் ஆறினாலும் உட்காதில் ஏற்பட்ட சேதம் நிலைத்துவிடலாம். காதுக்குள் ஓயாத இரைச்சலும், உயர்ந்த ஒலிகள் கேளாமையும் இதனால் வரலாம். மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி, ரேடியோவில் காதை ஒட்டிவைத்துச் செய்தி கேட்டவர்களுக்கு, இப்போது இத்தனை வசதி இருந்தும் செய்தி விளங்கவில்லை என்றால் அதை வயது என்று மட்டும் தள்ளிவிடக் கூடாது.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்

வாங்கும்போது பலர் முதலில் பார்ப்பது வாட் எண்ணிக்கையை. "1000 வாட்" என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்தால் அருகில் பி.எம்.பி.ஓ. என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அது விளம்பரத்துக்கான எண். ஒரு கண உச்சத்தை ஊதிப் பெருக்கிக் காட்டுவது. நீங்கள் பார்க்கவேண்டியது ஆர்.எம்.எஸ். என்று குறித்திருக்கும் எண்ணை. தொடர்ந்து கொடுக்கக்கூடிய மின்வலுவைச் சொல்வது அதுதான்.

அதுவும் பெரிதாக இருக்கத் தேவையில்லை. வீட்டில் பாவிக்கும் நல்ல ஸ்பீக்கர்கள் பலவற்றில் ஒரே ஒரு வாட், ஒரு மீற்றர் தூரத்தில் சுமார் 85 டெசிபெல் ஒலியைத் தருகிறது. நாம் சாதாரணமாகக் கதைப்பது சுமார் 60 டெசிபெல்தான். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஆகவே மேசைக் கணினிக்கு ஒரு பக்கத்துக்கு 5 முதல் 10 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் உங்கள் காதுக்கு அல்ல, பக்கத்து வீட்டுச் சுவருக்கு.

யூ.எஸ்.பி. துவாரத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் சிறிய ஸ்பீக்கர்களுக்கு ஓர் எல்லை உண்டு. பழைய வகை யூ.எஸ்.பி. 2.0 துவாரம் தருவது 5 வோல்ற்றில் அரை அம்பியர், அதாவது மொத்தம் 2.5 வாட். முன்னால் இருந்து ஒருவர் கேட்க அது போதும். குடும்பமே கூடியிருந்து கேட்பதாயின் சுவர் மின்சாரத்தில் இயங்குவதை வாங்குங்கள்.

இரண்டு பெட்டியா, மூன்று பெட்டியா?

கடையில் 2.0, 2.1 என்று எழுதியிருப்பார்கள். 2.0 என்றால் இடமும் வலமும் இரண்டு பெட்டிகள். 2.1 என்றால் அவற்றோடு அடித்தொனிக்கு ஒரு தனிப் பெட்டி. தவில், மிருதங்கம், சினிமாப் பாட்டு ஆகியவற்றை விரும்புகிறவர்களுக்கு அந்த மூன்றாவது பெட்டி இனிமைதான். ஆனால் பேச்சு விளங்குவதற்கு அது உதவாது. அடித்தொனி கூடினால் அது மெய்யொலிகளை மூடி மறைத்துவிடும். வீட்டில் முதியவர் இருந்தால் தெளிவான 2.0 ஒன்றே மேல். 2.1 ஏற்கெனவே இருந்தால், கதைக்கும் நேரத்தில் அடித்தொனியைக் குறைத்து உயர்தொனியைச் சற்றுக் கூட்டுங்கள். இந்த இரண்டுக்கும் தனித்தனித் திருகு உள்ளதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

தொடர்மாடியிலும் வரிசை வீடுகளிலும் இருப்பவர்களுக்கு இன்னொரு விடயம். அடித்தொனி சுவரையும் தரையையும் ஊடுருவிப் போகும். பிரித்தானியாவில் 1996ஆம் ஆண்டின் சத்தச் சட்டம் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரையான சத்தம் பற்றி உள்ளூராட்சி சபைகளுக்கு அதிகாரம் கொடுக்கிறது.

மடிக்கணினியின் உள் ஸ்பீக்கர் பலவற்றில் அடிப்பக்கத்தில் மேசையைப் பார்த்தபடி இருக்கிறது. மெத்தையில் வைத்தால் அதன் வாயையே மூடிவிடுகிறோம். முதியவருக்கு அதை மட்டும் நம்பியிருப்பது நல்லதல்ல.

எங்கே வைப்பது?

நல்ல ஸ்பீக்கரையும் தவறான இடத்தில் வைத்தால் பயனில்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். அறைக்குள் இது சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆகவே முதியவரை சோபாவில் இருத்திவிட்டு மூலையில் இருக்கும் கணினியின் சத்தத்தைக் கூட்டுவதைவிட, அவரைக் கிட்ட இருத்துவதே சிறந்தது. சத்தம் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். கிட்ட வந்தால் சொல் மட்டும் கூடும்.

இரண்டு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளில் இருப்பது போல வையுங்கள். பெட்டிகள் காது உயரத்தில், முகத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். சுவர் மூலைக்குள் தள்ள வேண்டாம். அங்கே அடித்தொனி பெருகும். வெறும் பலகைத் தரையும் திரைச்சீலை இல்லாத யன்னலும் உள்ள அறை எதிரொலிக்கும். ஒரு கம்பளமும் தடித்த திரைச்சீலையும் போட்டால் பெரிய மாற்றம் தெரியும். ஒலிவாங்கியை ஸ்பீக்கரில் இருந்து தள்ளி வையுங்கள். இல்லையேல் ஊரில் இருப்பவருக்குத் தமது குரலே திரும்பக் கேட்டு எரிச்சல் வரும்.

வயரா, புளூடூத்தா?

பாட்டுக் கேட்கப் புளூடூத் வசதியானது. முகம் பார்த்துக் கதைக்கும்போது நாம் வயர் உள்ளதையே சிபாரிசு செய்வோம். சில புளூடூத் ஸ்பீக்கர்களில் ஒலி ஒரு கணம் பிந்தி வரும். காது மந்தமானவர்கள் தம்மை அறியாமலே உதட்டைப் பார்த்துச் சொல்லைப் பிடிக்கிறார்கள். உதடும் ஒலியும் ஒத்துப்போகாவிட்டால் அந்த உதவியும் போய்விடும். கதைப்பவரும் யன்னலுக்கு முதுகைக் காட்டாமல், முகத்தில் வெளிச்சம் விழும்படி இருக்க வேண்டும்.

பிள்ளைகளும் ஹெட்போனும்

வீட்டில் ஸ்பீக்கர் சரியில்லை என்றால் பிள்ளைகள் ஹெட்போனுக்குப் போய்விடுவார்கள். அதில் எவ்வளவு சத்தம் போகிறது என்பது அடுத்த கதிரையில் இருக்கும் தாய்க்கும் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு இது. வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். பிள்ளைகளுக்கு அதே 40 மணித்தியாலத்துக்கு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். வளர்ந்தவர்களுக்கு 83 என்றால் 20 மணித்தியாலம். 90 என்றால் சுமார் 4 மணித்தியாலம். 100 என்றால் வாரம் முழுவதற்கும் அரை மணித்தியாலத்துக்கும் குறைவு. பல கருவிகள் முழுச் சத்தத்தில் 100ஐத் தாண்டக்கூடியவை. இந்நிறுவனம் 2021இல் வெளியிட்ட உலகச் செவிப்புலன் அறிக்கை, 100 கோடிக்கும் மேற்பட்ட இளையோர் இந்த ஆபத்தில் இருப்பதாகச் சொல்கிறது.

தமிழ் வகுப்பையும் பாட்டு வகுப்பையும் அறையில் ஸ்பீக்கரில் நடத்துங்கள். பிள்ளை தமிழை எப்படி உச்சரிக்கிறது என்பதும் உங்கள் காதில் விழும். ஹெட்போன் தேவைப்பட்டால் சத்தத்தை 60 வீதத்துக்கு மேல் கூட்டாமல், இடையிடையே கழற்றி வைக்கப் பழக்குங்கள்.

ஸ்பீக்கரை மாற்றியும் சத்தம் போதாவிட்டால்?

நல்ல ஸ்பீக்கர் வாங்கி, கிட்ட வைத்து, அடித்தொனியைக் குறைத்தும் ஒருவர் "கூட்டு, கூட்டு" என்று கேட்டால், அதைவிடப் பெரிய ஸ்பீக்கர் தேட வேண்டாம். காதைப் பரிசோதிக்க வேண்டும்.

சில வேளை அது வெறும் காதுக்குடுமியாக இருக்கும். அதைக் கோழி இறகாலும் சட்டைப்பின்னாலும் பஞ்சுக் குச்சியாலும் எடுக்காதீர்கள். உள்ளே தள்ளிவிடுவீர்கள், செவிப்பறையையும் குத்திவிடலாம். உள்ளியைப் பொரித்த சுடு எண்ணெய் விடுவதும் வேண்டாம்.

குடுமி இல்லையென்றால் செவிப்புலன் பரிசோதனை தேவை. பிரித்தானியாவில் என்.எச்.எஸ். காது கேட்கும் கருவியை இலவசமாகத் தருகிறது. கண்ணாடி போடுவதற்கு வெட்கப்படாத நாம் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல், மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. காது கேளாமையும் அவற்றில் ஒன்று. கருவி போட்டால் மறதி வராது என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் காது கேளாமையை மறதி என்று எண்ணி ஒருவரை ஒதுக்கிவைக்கும் அநியாயத்தை அது நிறுத்தும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஒரு காது திடீரென, மூன்று நாட்களுக்குள் கேளாமல் போனால் அது அவசர நிலை. அன்றே வைத்தியரை நாடுங்கள். சிகிச்சை பிந்தினால் பலன் குறையும்.

கடைக்குப் போகும் முன்

உங்கள் தொலைபேசியில் ஒரு தமிழ்ச் செய்தி வாசிப்பைப் பதிவுசெய்து கொண்டுபோங்கள். கடையில் போட்டுக் காட்டும் அதிரடிப் பாட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். குறைந்த சத்தத்தில் அந்தச் செய்தியின் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் வீட்டில் மூத்தவரையும் கூட்டிச் செல்லுங்கள். அவருக்கு விளங்கினால் எல்லோருக்கும் விளங்கும். பிரித்தானியாவில் இணையத்தில் வாங்கும் பெரும்பாலான பொருட்களை, கைக்குக் கிடைத்து 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று அறிவிக்க 2013ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. அந்த நாட்களுக்குள் ஊருக்கு ஒரு தடவை அழைத்துக் கதைத்துப் பாருங்கள். அம்மம்மாவோ அப்பப்பாவோ "என்ன சொன்னனீ?" என்று திருப்பிக் கேட்காமல் பத்து நிமிடம் கதைத்தால், நீங்கள் வாங்கியது சரியான ஸ்பீக்கர்.