பிறந்த மண்ணில் அந்நியர்

புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, அழியாநிலை, லேணாவிளக்கு ஆகிய மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அவற்றில் வாழும் சிறுவர் சிறுமியருள் மிகப் பெரும்பாலோர் படகேறி வந்தவரல்லர்; இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். எல்லையைக் கடக்காத குழந்தைக்கு அகதி என்னும் பெயர் எவ்வாறு வந்தது?

1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்திற்குப் பின் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பல கட்டங்களில் தமிழகத்தில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுள் பலர் திரும்பிச் சென்றனர்; ஏனையோர் இங்கேயே தங்கினர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே சட்டத்தின் முன் இவர்கள் வெளிநாட்டவரே.

இம்முகாம்கள் சிறைகள் அல்ல. பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குச் செல்கின்றனர். பெற்றோர் கூலிவேலைக்குப் போகின்றனர். எனினும் குறித்த நாளில் அதிகாரிகள் முன் நின்று கணக்குக் காட்ட வேண்டும். வெளியூரில் தங்க அனுமதி பெற வேண்டும். திருச்சியிலுள்ள சிறப்பு முகாமின் நிலையோ வேறு. அது பூட்டிய கதவு. தங்கள் குடும்பத்தாரோடு வாழ விடுமாறு கோரி அங்குள்ளோர் பலமுறை உண்ணாநோன்பு இருந்துள்ளனர். தந்தை அடைபட்டிருக்கையில், வெளியே வளரும் பிள்ளையும் அத்தண்டனையில் பங்கு பெறுகிறது அன்றோ?

கதவினும் வலிய பூட்டு ஒன்று உண்டு; அது தேதி. 1987 ஜூலை 1ஆம் நாளுக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பினாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமக்களாய் இருத்தல் வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவருக்கோ, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராகவும் இருத்தல் ஆகாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்மணிக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் ஆணையிட்டது. அதே முகாமில், அயலவரான பெற்றோருக்கு 1988இல் பிறந்த பிள்ளைக்கு அந்த வழி இல்லை. பிறந்த நாளைத் தேர்ந்துகொள்ளும் குழந்தை உலகில் உண்டோ?

நல்லனவும் நிகழ்ந்துள்ளன. 1984இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும், 1990 முதல் தமிழகத்தில் பணியாற்றும் இயேசு சபை அகதிகள் பணியும் முகாம் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்துள்ளன. 2021இல் தமிழக அரசு இவற்றிற்கு மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றி, 7,469 புதிய வீடுகள் கட்டவும் முடிவு செய்தது. 2015 ஜனவரி 9ஆம் நாள்வரை இங்கு வந்து பதிவு பெற்றவர்களை, பயண ஆவணமின்றி நுழைந்த குற்றத்திற்கான தண்டனையினின்று மத்திய அரசு 2025இல் விலக்கியது. நுழைந்தவர்க்கு விலக்கு கிடைத்தது. நுழையாமலே இங்குப் பிறந்த பிள்ளைக்கோ இன்னும் நாடு கிடைக்கவில்லை.

இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, ஒவ்வொரு குழந்தைக்கும் பெயரும் நாட்டுரிமை பெறும் உரிமையும் உண்டு என்கிறது. குழந்தையை அடைத்து வைத்தல் கடைசி வழியாகவும் மிகக் குறுகிய காலத்திற்காகவும் மட்டுமே இருக்கலாம் என்கிறது. நாடு கடந்து வந்த பெற்றோரைத் தண்டிக்கப் பிள்ளைகளைப் பிரித்த அமெரிக்க அரசை 2018இல் உலகமே கண்டித்தது. நம் அருகிலுள்ள பிள்ளைகளுக்காகவும் அக்குரல் எழ வேண்டாமா?

வாசகர்களே, குடியுரிமை வழங்குதல் நம் கையில் இல்லை. ஆயினும் செய்யத்தக்கன உண்டு. முகாமில் ஒரு குழந்தை பிறந்தால் 21 நாள்களுக்குள் அதன் பிறப்பு பதிவாகிறதா எனப் பாருங்கள். 2023 அக்டோபருக்குப் பின் பிறந்தவர்க்குப் பள்ளியில் சேரவும் அச்சான்றிதழே ஆதாரம். நாளை சட்டம் இரங்கும்போது கேட்கப்படும் முதல் தாளும் அதுவே. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் பிள்ளையைத் தேடிச் செல்லுங்கள். நம் சங்கங்கள் மாலை வகுப்புக்கு ஓர் ஆசிரியரையேனும் தரட்டும். தம் பிள்ளைகளோடு அவர்களையும் ஒரே பந்தியில் அமர்த்தும் ஊரில், அகதி என்னும் சொல் தானே மறையும்.