ஆட்சி மாற்றமும் குடிகளின் உரிமையும்: திருச்சிராப்பள்ளி, 1801

ஒரு நாடு வேற்றரசின் கைக்கு மாறும்போது அங்கு முன்னரே வாழ்ந்துவரும் குடிகளின் உரிமைகள் என்னவாகின்றன? இவ்வினாவைத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிகளை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

1801 சூலை 31இல் நவாபு அசீம் உத் தௌலாவுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் ஆர்க்காட்டு நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினியை அடைந்தது. வடிவில் இஃது ஒப்படைப்பே. விளைவில் வெற்றிகொள்ளலுக்கு நிகரானது.

வெல்லப்பட்ட நாட்டின் சட்டங்கள், வென்றவர் மாற்றும்வரை நீடிக்கும் என 1774இல் மான்சுபீல்டு பிரபு கிரெனடாத் தீவு வழக்கில் தீர்ப்புரைத்திருந்தார். சென்னை மாகாணத்தின் 1802ஆம் ஆண்டு 3ஆம் ஒழுங்குவிதியும் மரபுரிமை, திருமணம் முதலியவற்றில் இந்துக்களுக்கு இந்துச் சட்டத்தையும் இசுலாமியர்க்கு இசுலாமியச் சட்டத்தையும் விதித்தது. எனவே, குடிகள் தமக்குள் கொண்ட உரிமைகள் பெரிதும் தொடர்ந்தன.

முந்தைய அரசர் அளித்த இறையிலி நிலங்களின் நிலை வேறு. அவ்வுரிமை புதிய அரசின் வருவாயைக் குறைப்பதாகலின், அவ்வரசின் ஏற்பு இன்றியமையாததாயிற்று. 1802ஆம் ஆண்டு 31ஆம் ஒழுங்குவிதி அத்தகைய நிலவுரிமைகளின் செல்லுபடியை விசாரணைக்கு உட்படுத்தியது. அரசு ஏற்க மறுப்பின் நேர்வதை அண்டையிலுள்ள தஞ்சை காட்டுகிறது. அரசர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்தபின் கும்பினி அவர்தம் உடைமைகளைக் கைக்கொண்டது. அரசி காமாட்சி பாயி தொடர்ந்த வழக்கில், அஃது அரசுச் செயலாதலின் நீதிமன்றம் ஆராயவியலாது என 1859இல் பிரிவி கவுன்சில் முடிவுசெய்தது.

1858இல் அமைந்த இனாம் ஆணையம் இறையிலி உரிமைகளுக்கு ஓர் எளிய அளவுகோலை வகுத்தது. ஐம்பதாண்டு அனுபவம் மெய்ப்பிக்கப்படின், மூலக் கொடையின் செல்லுபடி ஆராயப்படாமலே உரிமை ஏற்கப்பட்டது. கோயில், தர்கா முதலியவற்றின் நிலங்கள், உரிய பணி நடைபெறும்வரை உறுதிசெய்யப்பட்டன.

இது கல்வெட்டாய்வுக்கும் தொடர்புடையது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுதும் திருவரங்கத்துக்கு உரியது. அக்கல்வெட்டுக் கொடைகளை இனாம் பதிவேடுகளோடு இணைக்கும் ஆய்வாளர், பதிவேட்டிலுள்ள உறுதிப்பாட்டைப் பழங்கொடையின் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. அது மெய்ப்பிப்பது நெடுங்கால அனுபவத்தையே, கொடையின் தோற்றத்தையன்று. பதிவேட்டில் இடம்பெறாமையும் கொடை பொய்யெனக் காட்டாது. புதிய அரசின் ஏற்பை அது பெறவில்லை என்பதையே காட்டும். குடிகளின் உரிமை தொடர்ந்ததா, புதிதாக வழங்கப்பட்டதா என்பதை ஒவ்வோர் ஆவணத்திலும் தனித்தனியே வினவுதல் வேண்டும்.