காற்று விலைக்கு வரும், மூச்சு வருமா?

சோளகமும் வாடையும் மாறி மாறி ஆட்சி புரியும் மண் மன்னார். 2020ஆம் ஆண்டில் தீவின் தென்கரையோரமாக நிறுவப்பட்ட 30 காற்றாலைகள் அக்காற்றின் வலிமைக்குச் சான்று. இத்தகைய ஊரிலே காற்றைக் காசு கொடுத்து வாங்குவாரும் உளரோ என வினவலாம். உளர். வீசும் காற்று பாயை விரிக்கும். துவிச்சக்கர வண்டியின் டயரை நிரப்பாது. அதற்கு அடைத்து அமுக்கிய காற்று வேண்டும். அதனைத் தரும் கருவியே கொம்பிரசர்.

ஒரு காலத்தில் வாகனத் திருத்தகங்களில் மட்டுமே காணப்பட்ட இக்கருவி, இன்று கையில் தூக்கிச் செல்லும் அளவிலும் மலிந்த விலையிலும் கடைகளுக்கு வந்துவிட்டது. மாதிரிப் படகுக்கு வர்ணம் தீட்டும் மாணவரும், ஓய்வு நாளில் மரவேலை செய்யும் ஆசிரியரும் இதனை விரும்புகின்றனர். விருப்பம் நன்று. ஆயின், மலிவான பொருளை வாங்குவோருக்கே கூடுதலான அறிவு வேண்டும்.

எண்களின் மாயம்

பெட்டியின் மேல் எழுதப்பட்டிருக்கும் உச்ச அமுக்கத்தைக் கண்டு மயங்குவோர் பலர். வீட்டு வேலைக்குப் பேரமுக்கம் தேவையில்லை. மோட்டார் வண்டி டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 இறாத்தல் போதும். சித்திரக்காரரின் காற்றுத் தூரிகைக்கு 15 முதல் 30 இறாத்தல் போதும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு நிமிடத்தில் எத்தனை லீற்றர் காற்றை இக்கருவி உண்மையில் தரும்? காற்றுத் தூரிகை ஏறக்குறைய 20 லீற்றருடன் அமைதியடையும். கதவுக்கும் மேசைக்கும் வர்ணம் விசிறும் துப்பாக்கியோ பெரும்பாலும் 100 லீற்றருக்கு மேல் கேட்கும்.

இதனைக் கடையிலேயே அளந்தறியலாம். 24 லீற்றர் தாங்கி கொண்ட கருவியை வெறுமையாக்கி இயக்குக. அமுக்கமானி 6 வளிமண்டல அமுக்கத்தைக் காட்ட 2 நிமிடம் சென்றதாயின், 24ஐ 6ஆற் பெருக்கி 2ஆற் பிரிக்க வருவது 72. நிமிடத்துக்கு 72 லீற்றர் என்பதே அதன் உண்மையான திறன். பெட்டி 100 என்று கூறினும் நம் கைக்கடிகாரம் பொய் கூறாது. வகுப்பறையில் போயிலின் விதியைக் கற்ற மாணவனுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் வேறில்லை.

குதிரைவலுவையும் இவ்வாறே ஆராய்தல் வேண்டும். ஒரு குதிரைவலு 746 உவாற்று. நம் நாட்டின் 230 வோற்று மின்சாரத்தில் 5 அம்பியர் குதை தரக்கூடியது 1150 உவாற்று. அதாவது ஒன்றரைக் குதிரைவலு. அதற்கு மேற்பட்ட பொறியை அக்குதையிற் பொருத்தலாகாது. வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பும் 110 வோற்றுக் கருவியை நேரே செருகினால், அன்பும் கருவியும் ஒருங்கே புகைந்துபோம்.

உப்பும் நீரும்

கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி. அதனை அமுக்கிக் குளிரவிட்டால், ஈரம் நீராகித் தாங்கியின் அடியிலே தங்கும். உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். ஆகவே, வேலை முடிந்ததும் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடுதல் தவிர்க்கலாகாத கடமை. காப்பு வால்வு இல்லாத கருவியை இனாமாகத் தந்தாலும் கொள்ளற்க. பழைய எரிவாயு உருளையைத் தாங்கியாக்கும் கைவேலை உயிரோடு விளையாடுவதாகும். அடைபட்ட காற்று சுருங்கிய வில்லைப் போன்றது. தாங்கி வெடித்தால் அது குண்டாகவே மாறும்.

எண்ணெய் வேண்டாத கருவி இலேசானது. ஆனால் இரைச்சல் மிக்கது. எண்ணெய் இடும் கருவி கனமானது. அமைதியானது, நெடுநாள் உழைப்பது. எப்போதாவது பயன்படுத்துவோருக்கு முன்னையதே போதும்.

கடலில் இறங்கலாகாது

இனிக் கூறப்போவதே தலையாயது. கரையில் டயரை நிரப்பும் குழாயைக் கடலுக்குள் மனிதன் வாயில் வைத்தால் என்ன என்ற எண்ணம் கடலோர மக்களுக்கு எளிதில் எழுவது. வளைகுடாவின் மறுகரையில், தூத்துக்குடிச் சங்கு குளிப்போரிடையே படகிலுள்ள கொம்பிரசரின் குழாயால் மூச்சுவிட்டு மூழ்கும் வழக்கம் பரவியது. பிலிப்பைன்ஸ் தீவுகளின் கடற்றொழிலாளரும் அவ்வழியே சென்றனர்.

சிலாவத்துறையிலும் அரிப்பிலும் முத்துக் குளித்த முன்னோர், கல்லைக் காலிற் பற்றி 5 முதல் 10 பாகம் ஆழம்வரை இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மீண்டனர். 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்ட 1905ஆம் ஆண்டிலும் அவர்கள் நம்பியது தம் மூச்சையே. மேலே உள்வாங்கிய காற்று ஆழத்திற் சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்கே விரியும். அதற்கு மேல் விரிய வழியில்லை.

குழாய்க் காற்றின் இயல்பு வேறு. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்கு. அங்கே நுரையீரல் நிறைய உள்வாங்கிய காற்று, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் இருமடங்காக விரிய முனையும், நுரையீரல் கிழியும். நெடுநேரம் ஆழத்தில் இருந்தவனுடைய உடலிற் கரைந்த நைதரசன், விரைந்து எழும்போது குமிழிகளாகி முடக்கத்தையும் மரணத்தையும் தரும். இதன் காரணத்தைப் போல் பேர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1878இல் விளக்கினார். படிப்படியாக மேலெழும் அட்டவணையை ஹோல்டேனும் அவர்தம் துணைவரும் 1908இல் வகுத்தனர்.

இன்னுமொரு கூற்றுவன் மணமும் நிறமும் இன்றி வருவான். இயந்திரத்தின் புகை உட்புகும் காற்றோடு கலந்தால் காபனோரொட்சைட்டும் குழாய்வழி இறங்கும். குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேலான பற்றுடன் அது பற்றிக்கொள்ளும். எண்ணெய் வேண்டாத கருவியென்பது இதற்கு மறுமொழி ஆகாது. புகையை வடிக்கும் ஆற்றல் அதற்கில்லை. மூச்சுக்கான காற்றைத் தரும் இயந்திரம் தனி. வடிகட்டியும் சோதனையும் பயிற்சியும் அதற்கு இன்றியமையாதன.

முத்துக் குளிப்பவனின் கயிற்றை மைத்துனன் கையிற் கொடுக்க வேண்டும் என்று சொல்வதுண்டு. தங்கையின் தாலியை எண்ணி அவன் கண்ணயர மாட்டான் என்பது கருத்து. விலைக்கு வாங்கிய பொறிக்குத் தங்கையும் இல்லை, தாலியும் தெரியாது. எரிபொருள் தீர்ந்த கணமே அது நின்றுவிடும்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, கொம்பிரசரை வாங்குக. அளந்து, சோதித்து வாங்குக. டயருக்கும் தூரிகைக்கும் அது நல்ல ஊழியன். அதன் குழாயை எவரேனும் கடலுக்குக் கொண்டுசெல்லக் கண்டால், கற்றறிந்த போயிலின் விதியை அவருக்கு எடுத்துச் சொல்லுக. பள்ளியிற் பெற்ற கல்வி ஓர் உயிரைக் காக்குமாயின், அதனினும் விலையுயர்ந்த முத்தை இக்கடல் தந்ததில்லை.