கிற்றார் கூவினால் யார் குற்றம்?

கடந்த தைப்பொங்கல் விழாவுக்கு வந்திருந்தவர்கள் அந்தச் சத்தத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பல வாரங்கள் பழகிய பாட்டோடு மேடைக்கு வந்தாள். முதலாவது வரி முடியுமுன்னரே எங்கள் கிற்றார் 'கீ...' என்று கூவத் தொடங்கியது. பிள்ளை அழுதுகொண்டு இறங்கிவிட்டாள். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தமது காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இனி இசைத்தட்டைப் போட்டுவிட்டுப் பாடலாமே, இந்தப் பெடியன்களுக்கு எதற்குக் காசு?" என்ற கதை அன்றிரவே புறப்பட்டுவிட்டது. நாங்களோ மண்டபத்தைக் குறை சொன்னோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

நாங்கள் ஐந்து பேரும் பகலிலோ இரவிலோ தொழிற்சாலையில் நிற்பவர்கள். பள்ளிப்படிப்பையும் பாதியில் விட்டவர்கள். ஆனால் எங்களிடம் வாத்தியம் பழக வருகின்ற எட்டுப் பிள்ளைகளை இழக்க எங்களுக்கு மனம் வரவில்லை. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசையையும் ஊரின் கண்ணன் கோஷ்டியையும் எங்கள் பெற்றோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கு பிறந்த பிள்ளை வாத்தியத்தைத் தொட்டு வாசிக்கும்போதுதான் அந்தப் பாட்டு அதனுடையதாகிறது. ஆகவே, இந்தக் கூவலின் காரணத்தைத் தேடினோம்.

டென்மார்க்காரரின் பெயர்

ஒலிபெருக்கியில் வரும் சத்தத்தை மைக் அல்லது கிற்றார் மறுபடி வாங்குகிறது. அது அம்பிளிபயருக்குப் போய்ப் பெருத்து மீண்டும் ஒலிபெருக்கியால் வருகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் கூவல். இதை முதலில் ஆராய்ந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன் அப்சலோன் லார்சன் (1871-1957) என்ற பௌதிக அறிஞர். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் இன்றும் இதை 'லார்சன் விளைவு' என்றே சொல்கிறார்கள். பெரியவரின் காதுக்கருவி சிலவேளை விசிலடிப்பதும் இதே காரணத்தால்தான்.

கிற்றாரில் கம்பியின் கீழே இருக்கும் 'பிக்கப்' என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள். தலைமயிர் அளவு மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மின்சாரம் காந்த ஊசியை அசைக்கும் என்று 1820இல் கொப்பன்ஹேகனில் கண்டவர் ஹன்ஸ் கிறிஸ்ரியன் ஏர்ஸ்ரெட். அசையும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று 1831இல் காட்டியவர் இங்கிலாந்தின் பரடே. உருக்குக் கம்பி அதிரும்போது பிக்கப்பில் நடப்பது இந்த இரண்டாவது வேலை.

நாங்கள் விட்ட பிழை

எங்கள் பழைய கிற்றாரில் ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் இருந்தன. கூவலோடு 'ம்ம்' என்ற இரைச்சலும் வரும். வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை மாறுவதால் அந்தச் சுருள் அதையும் சேர்த்து வாங்குகிறது. வீட்டுக்கு 50 குறோணராகச் சேர்த்த காசோடு ஒரு கடைக்குப் போனோம். எங்கள் அரைகுறை டெனிசில் "ஸ்ரொய்" இல்லாதது வேண்டும் என்று கேட்டோம். ஸ்ரொய் என்றால் பொதுவாக எந்த இரைச்சலும்தான். கடைக்காரர் பழைய பாணி 'ஹம்பக்கர்' இரண்டை 1600 குறோணருக்குத் தந்தார். தளபாடத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் நண்பர் மரத்தைக் குடைந்து பொருத்தித் தந்தார்.

'ம்ம்' சத்தம் நின்றுவிட்டது. கூவலோ முன்னரைவிட மோசமாகியது!

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஹம்பக்கரில் இரு சுருள்கள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றில் வரும் மின் இரைச்சலை மற்றது அழித்துவிடும். கிப்சன் கம்பனியின் சேத் லவர் 1955இல் இதற்குக் காப்புரிமை கேட்டு 1959இல் பெற்றார். 1957இலிருந்து கிற்றார்களில் வந்த அந்தப் பிக்கப்புகளின் இனிமையைத்தான் இன்றைய 'பழைய பாணி' தயாரிப்புகள் பின்பற்றுகின்றன. ஆனால் அக்காலத்துச் சுருள்களுக்கு மெழுகு ஊற்றப்படவில்லை. அசலைப் போலவே செய்கிறவர்கள் மெழுகையும் விட்டுவிடுகிறார்கள். ஆகவே பெரிய சத்தத்தில் சுருளின் கம்பியும் மேல் மூடியும் தாமே அதிர்ந்து, பிக்கப் ஒரு மைக்காகவே மாறிவிடுகிறது. மின் இரைச்சலுக்கு "புறும்", கூவலுக்கு "ஹூல்" என்று டெனிசில் தனித்தனிச் சொற்கள் உண்டு. அந்த ஒரு சொல் தெரிந்திருந்தால் எங்கள் காசு தப்பியிருக்கும்.

வாங்குமுன் பாருங்கள்

உங்கள் வீட்டிலும் கிற்றார் பழகும் பிள்ளை இருக்கலாம். முதலில் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்துங்கள். கூவல் நின்றால் அது கம்பியால் வருவது. ஒலிபெருக்கியிலிருந்து விலகி, வேறு பக்கம் திரும்பி, சத்தத்தைக் குறைத்தாலே போதும். அழுத்தியும் நிற்காவிட்டால் பிக்கப்பை நகத்தால் தட்டுங்கள். 'டொக்' என்று ஒலிபெருக்கியில் பலமாகக் கேட்டால் குறை பிக்கப்பில்தான்.

கடையில் மெழுகு ஊற்றியதா என்று கேளுங்கள். சிறு அறையில் மெதுவாக வாசிப்பவருக்கு மெழுகில்லாததும் நல்லது. மண்டபத்தில் பலமாக வாசிப்பவருக்கு மெழுகிட்டதே நல்லது. பழைய பாணி ஒற்றைச் சுருள் ஏறத்தாழ 6 கிலோ ஓம், ஹம்பக்கர் 7 முதல் 8.5 கிலோ ஓம் வரை இருக்கும். இலக்கம் கூடினால் தரம் கூடும் என்று எண்ணவேண்டாம்.

குசினியில் ஒரு வைத்தியம்

எங்களிடம் வேறு காசு இல்லை. பரபின் மெழுகு நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு எடுத்தோம். இங்கு விற்கும் மெழுகுதிரிகளில் சில ஸ்ரெயறினால் ஆனவை, ஆகவே பரபின் என்று கேட்டே வாங்கினோம். மெழுகு தீப்பிடிக்கும் பொருள். நேரே அடுப்பில் வைக்காமல், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 65 பாகையில் உருக்கினோம். வெப்பம் கூடினால் சுருளின் பிளாஸ்ரிக் வளைந்துவிடும். பிக்கப்பை மூழ்கவைத்ததும் சிறு குமிழிகள் வந்தன. அவை நின்றபின், கால் மணி நேரமளவில் எடுத்துத் துடைத்தோம். இப்படிச் செய்தால் கடையின் உத்தரவாதம் போய்விடக்கூடும் என்பதையும் அறிந்தே செய்தோம்.

சித்திரைப் புத்தாண்டு நிகழ்ச்சிக்கு முன் அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "அண்ணா, அது திரும்பவும் கத்துமா?" என்றுதான் அவள் கேட்டாள். ஒத்திகைக்கு வந்து நீயே தட்டிப்பார் என்றோம். வந்தாள், நகத்தால் தட்டினாள், காதை வைத்துக் கேட்டாள். பிறகுதான் பாடச் சம்மதித்தாள்.

அன்று கிற்றார் கூவவில்லை. பாட்டின் நடுவே நாங்கள் ஓரிடத்தில் தாளம் தவறியது உண்மை. அதற்கு மெழுகு மருந்தல்ல, பழக்கந்தான் மருந்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை நடக்கிறது. குறை சொல்ல விரும்புகிறவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம். குறையை மேடைக்குப் பின் பேசுவதைவிட மேடைக்கு முன்னரே பேசித் திருத்திவிடலாம் அல்லவா?