சட்டக் கல்லூரி வாயிலில் ஒரு தர்க்கப் பரீட்சை

சட்டம் பயில விரும்பும் மாணவனிடம் சட்ட அறிவையே முதலிற் சோதிப்பர் என நாம் எண்ணுதல் இயல்பு. வட அமெரிக்காவிலோ வழக்கம் வேறு. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள சட்டக் கல்லூரிகள் பல, மாணவன் எவ்வாறு சிந்திக்கின்றான் என்பதையே முதலில் அறிய விரும்புகின்றன. அதன்பொருட்டு 1948ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்று வருவதே 'எல்சாற்' எனப்படும் அனுமதிப் பரீட்சை. கனடாவிற் குடியேறிய நம்மவர் பிள்ளைகளும் இதற்குத் தோற்றுகின்றனர்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல், புள்ளி வழங்கப்படும் மூன்று பகுதிகளுள் இரண்டு தர்க்க வினாக்களுக்கே உரியனவாயின. ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிடம். வினாக்களோ ஏறக்குறைய 25. ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடந்தானும் இல்லை. சட்ட அறிவு இதற்கு வேண்டுவதன்று. பதற்றமற்ற வாசிப்பே வேண்டும்.

வினாவின் அமைப்பு யாது? சிறு பந்தி ஒன்று, அதனைப் பற்றிய கேள்வி ஒன்று, ஐந்து விடைகள். முதலிற் கேள்வியை நோக்குக. பின்னர்ப் பந்தியிலே முடிவு எது, அதற்குக் கூறப்பட்ட காரணம் எது எனப் பிரித்தறிக. முடிவு எப்போதும் இறுதி வாக்கியமாக இருப்பதில்லை. முதல் வாக்கியத்திலும் நடுவிலும் அது மறைந்திருத்தல் உண்டு.

உதாரணம் ஒன்று காண்போம். "சென்ற ஆண்டு நகரசபை ஒரு நூலகத்தைத் திறந்தது. இவ்வாண்டு அந்நகர மாணவர் முன்னிலும் அதிகமாகப் பரீட்சையிற் சித்தியடைந்தனர். ஆகவே நூலகமே இவ்வுயர்வுக்குக் காரணம்." இவ்வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்பது வினா. விடைகளுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒன்று: நூலகத்தைக் கட்டப் பெரும்பணம் செலவாயிற்று.
இரண்டு: நூலகத்திலே பாடநூல்கள் நிறைய உண்டு.
மூன்று: நூலகம் இல்லாத அயல் நகரங்களிலும் சித்தி அதே அளவில் உயர்ந்தது.

முதலாவது வாதத்தோடு தொடர்பற்றது. இரண்டாவது வாதத்துக்குத் துணை செய்வது. மூன்றாவதே உரிய விடை. வேறொரு காரணம் இருத்தல் கூடும் என்பதை அது காட்டுகின்றது. நூலகம் பயனற்றது என்று அது நிறுவவில்லை, நிறுவ வேண்டியதுமில்லை. முன்னர் நிகழ்ந்தது பின்னர் நிகழ்ந்ததற்குக் காரணம் எனக் கொண்ட அவசரத்தை வெளிப்படுத்தினாற் போதும்.

மாணவர் பலர் இடறும் மற்றோரிடம் உண்டு. "அனுமதிச் சீட்டு உடையோர் மட்டுமே மண்டபத்துள் நுழையலாம்" என்பது விதி. கண்ணனிடம் சீட்டு உண்டு. ஆகவே அவன் நுழைந்துவிட்டான் எனலாமா? கூடாது. சீட்டு இன்றியமையாதது, ஆயின் அதுவே போதியதென விதி கூறவில்லை. விதி மீறப்படாதவிடத்து, உள்ளே இருப்பவனிடம் சீட்டு உண்டு என்பதே நாம் துணியக் கூடியது.

சொற்களையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். பந்தி 'சிலர்' என்றிருக்க, விடை 'எல்லாரும்' என்று கூறினால், அதனைப் பந்தியிலிருந்து பெறப்படும் முடிவாகக் கொள்ளலாகாது. பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. ஆதலின் எந்த வினாவையும் விடையின்றி விடுதல் தகாது.

இக்கலை நமக்குப் புதியதன்று. மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் என வாதத்தின் உறுப்புகளைப் பிரித்து, அவற்றின் போலிகளையும் வகைப்படுத்துகின்றது. நம் உயர்தர வகுப்பிலே 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' பயில்வோர் இவ்வழியில் ஏற்கெனவே காலடி வைத்தவரே.

இப்பரீட்சையின் உட்பொருள் ஒன்றே: ஒரு முடிவு நமக்கு உவப்பானது என்பதனால் அதற்குக் கூறிய காரணம் வலியதாகிவிடாது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன்மேல் ஊரார் அனைவரும் ஐயுறலாம், ஐயம் சான்றாகாது. இவ்வேறுபாட்டை உணராதவரிடம் ஒருவனது சுதந்திரத்தை ஒப்படைத்தல் எங்ஙனம்?

இதற்குப் பயிற்சி வீட்டிலேயே உண்டு. ஞாயிறுதோறும் பத்திரிகைக் கட்டுரை ஒன்றை எடுத்து, முடிவின் கீழ் ஒரு கோடும் காரணத்தின் கீழ் இரு கோடும் இடுக. பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருந்து, இடையிற் சொல்லாது விடப்பட்டது யாது என ஆராய்க. சட்டம் பயிலாதோர்க்கும் அது பயன் தரும்.